மாத்திரை நேரமாச்சி, அண்ணாச்சி!

குறை சொல்றதுக்குச் சம்பளம் குடுக்கிற வேலை ஒண்ணு உலகத்துல உண்டுன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பதினேழு வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி எண்ணிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன். நீங்களும் ஒரு தடவையாவது அடுத்தவங்க ஆசையாச் செஞ்ச ஒண்ணப் பாத்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா..."ன்னு இழுத்திருப்பீங்க. அவங்க மூஞ்சி சுருங்கினதப் பாத்துட்டு அன்னிக்குச் சோறு இறங்காம உக்காந்திருப்பீங்க. அப்படின்னா நீங்க என் கட்சி. கொஞ்ச நேரம் இருந்து கேட்டுட்டுப் போங்க.

கோவில்பட்டியில ஒரு மருந்துக்கடை மாடியில எங்க ஆபீஸ். ஆபீஸ்னா ரெண்டே பேர். ஷீலா எழுதுறவ, நான் குறை சொல்றவ. ஷீலா மெட்ராஸ்ல பெரிய கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து, மாத்திரை நேரத்த வாய்விட்டுச் சொல்ற ஒரு பெட்டி செஞ்சா. செங்கல்ல பாதி அளவு இருக்கும். உள்ள ஒரு ஸ்கிரிப்ட். சினிமாக் கதை இல்லைங்க. எத்தன மணிக்கு என்ன பேசணும், ஆள் பதில் சொல்லலன்னா எத்தன தடவ திரும்பச் சொல்லணும்னு கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடுக்கிற பாடம். சொன்னதச் செஞ்சுட்டா பெட்டியில இருக்கிற பச்சை பட்டன அமுக்கணும். அமுக்கலன்னா அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ, மூணு தடவ சொல்லும்.

சோதனைக்குன்னு பன்னெண்டு வீட்டுல வச்சோம். வாரம் ஒரு தடவ பஸ் ஏறிப் போய், உக்காந்து கேட்டு, குறைய ஃபீட்பேக் தாள்ல எழுதணும். ஒரு தாள் ஷீலாவுக்கு. இன்னொண்ணு, பெட்டி வைக்கச் சொன்ன பிள்ளைங்களுக்கு, அவங்க எந்த ஊர்ல இருந்தாலும். இந்த ரெண்டாவது தாள்தான் பின்னால என்னப் படுத்தி எடுத்துச்சு.

பையத் தூக்கச் சொன்ன குரல்

மணியாச்சி ஜங்ஷன் பக்கத்துல பால்ராஜ் அண்ணாச்சி வீடு. ரயில்வேயில தண்டவாள வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். வீட்டம்மா தவறினதுக்கப்புறம் தனியா இருக்கார். தெருக்கோடியில இருக்கிற சர்ச்சுல மணி அடிக்கிற வேலைய யாரும் கேக்காமலே இழுத்துப் போட்டுச் செய்றார். சுகர் ஜாஸ்தி. மத்தியானம் பன்னெண்டரைக்கு ஊசி, ஒரு மணிக்குள்ள சோறு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடலன்னா சுகர் இறங்கி ஆள் சாஞ்சிருவார். ரெண்டு தடவ சாஞ்சாச்சு. மெட்ராஸ்ல இருக்கிற மக ஜெசி கண்டிசனாச் சொல்லிட்டா: மூணாவது தடவ விழுந்தா அன்னிக்கே வந்து கையோட கூட்டிட்டுப் போயிருவேன்னு. அண்ணாச்சிக்கு அந்த நெனப்பே கசப்பு. "அங்கன போயி நான் எந்த மணிய அடிக்க? காலிங் பெல்லத்தான் அடிக்கணும்"னார். அதுக்காகத்தான் பெட்டிக்கே சம்மதிச்சார்.

அப்போ பெட்டியில கம்ப்யூட்டர் குரல்தான். "இது தாங்கள் மருந்து உட்கொள்ளும் நேரம். தயவுசெய்து மருந்தை உட்கொள்ளவும்"னு சுத்தமான தமிழ். ஷீலாவுக்கு அதுல ரொம்பப் பெருமை. முதல் வாரம் போய் எப்படி அண்ணாச்சி இருக்குன்னு கேட்டேன். பாவம், மனுசன் என் மனசு நோகக் கூடாதுன்னு ரொம்ப நேரம் மேலயும் கீழயும் பாத்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார்:

"முப்பத்தாறு வருசம் ஸ்டேசன்ல இருந்தவன் தாயி. இதக் கேட்டா மாத்திரைய எடுக்கத் தோணல, பையத் தூக்கிட்டு ரெண்டாம் பிளாட்பாரத்துக்குப் போவத் தோணுது."

ஏற்கெனவே ஒண்ணு

கம்ப்யூட்டர் குரல் வேண்டாம், ஊர்ல பேசுறாப்புல ஒரு ஆள் குரல் வேணும்னு தாள்ல எழுதினேன். ஷீலா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. மூணாம் நாள் மைக்க என் முன்னால நீட்டி, "அப்ப நீங்களே பேசுங்கக்கா"ன்னுட்டா. வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். "அண்ணாச்சி, மாத்திரை நேரமாச்சி. போட்டுட்டுப் பச்சை பட்டன அமுக்குங்க"ன்னு பேசிக் குடுத்தேன். ஊசி, சாப்பாடு, கண்ணு மருந்துன்னு எல்லாத்துக்கும் என் தொண்டைதான்.

பன்னெண்டு வீட்டுக்கும் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுலயே ஒரு நாள் ஓட விட்டுப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர் பிரசர் மாத்திரைய மறக்கிறதுல கெட்டிக்காரர். காலைல எட்டு மணிக்குப் பெட்டி பேசிச்சு. பேப்பர்லருந்து தலையத் தூக்கல. எட்டே காலுக்குள்ள மூணு தடவையும் சொல்லி முடிச்சுது. நான் அடுப்படியில இருந்து வந்து இடுப்புல கை வச்சு நின்னேன். அப்பத்தான் மனுசன் வாயத் தொறந்தார்:

"ஒரே விசயத்த மூணு வாட்டி சொல்ல இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா? அதுக்கு எதுக்கு கரண்டு?"

யாரு இவ?

பெட்டி பேரச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் நெருக்கமா இருக்கும்னு ஷீலாவுக்கு ஒரு யோசனை. எனக்கும் நல்லாத்தான் பட்டுது. பன்னெண்டு பேரையும் மைக்குல கூப்பிட்டுக் குடுத்தேன்.

எட்டயபுரத்துக்கு இங்கிட்டு ஆடு மேய்க்கிற ராமசாமி அண்ணாச்சி வீட்டுக்கு அந்த வாரம் போனா, அவர் சம்சாரம் சீனியம்மா வாசல்லயே மறிச்சுட்டா. சீனியம்மா கல்யாணமான நாள்லருந்து புருசன் பேரச் சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட கார்ட நீட்டுவாளே ஒழிய வாயத் தொறக்க மாட்டா. "நான் நாப்பது வருசமா நாக்குல வைக்காத பேர, ஒருத்தி காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு கூப்பிடுதா. இவியளும் 'ம்'ன்னு கேட்டுக்கிட்டுப் போறாவ. யாரு இவ?"ன்னு கேட்டா. அவதான் நான்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. பேர எடுத்துருதேன் மதினின்னு கும்பிட்டு, தாள்ல எழுதிக்கிட்டு எந்திரிச்சேன்.

ராமசாமி அண்ணாச்சி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் தெரிஞ்சப்புறம் திரும்பிப் பாத்து, சீனியம்மா பக்கத்துல இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டுச் சொன்னார்:

"சாயந்திரத்துக்கு மட்டுமாவது வையி தாயி. எங்கய்யா ஆத்தா போனப்புறம் என் பேரச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல."

வச்சோம். சாயந்திரம் சீனியம்மா பால் ஊத்தப் போற நேரமாப் பாத்து வச்சோம். நியாயமான்னு கேட்டா, எனக்குத் தெரியல.

என்னத் துரத்தின ஆடு

அதே ராமசாமி அண்ணாச்சிதான். பகல் மாத்திரை நேரத்துல அவர் காட்டுல இருப்பார்ங்கிறதுனால, அதே ஸ்கிரிப்ட அவர் போன்ல போட்டுக் குடுத்தோம். ஒரு மாசம் கழிச்சு அவரத் தேடி உளுந்து எடுத்த கரிசக் காட்டுக்குள்ள போனேன். முதல் மழை பெஞ்ச மண்ணு. செருப்புல அப்பி, காலு ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ கனம். ஆடு எல்லாம் தள்ளி மேஞ்சுது. "அண்ணாச்சி!"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அவ்வளவுதான்! அறுபது ஆடும் தலையத் தூக்கிச்சு. அப்படியே என்னப் பாத்து ஓடி வருது. நான் செருப்ப மண்ணுலயே விட்டுட்டு ஓடினேன்.

விசயம் என்னன்னா, மாத்திரைக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போடணும்னு அவர் நாலு பிஸ்கட் திம்பார். அதுல ரெண்ட ஆட்டுக்குப் போடுவார். போன்ல "அண்ணாச்சி"ன்னு என் குரல் வந்தா பிஸ்கட்டுன்னு அதுகளுக்குப் பழகிப்போச்சு. அதனால வேற குரல் மாத்தலாமான்னு மூச்சு வாங்கக் கேட்டேன். ராமசாமி அண்ணாச்சி பதறிட்டார்:

"மாத்திராத தாயி! நான் மறந்தாலும் கெடா வந்து முழங்கால்ல முட்டி ஞாபகப்படுத்துது. ஒன் பெட்டிய விட அது கண்டிசன்."

செவத்துக்கு அந்தப் பக்கம்

மணியாச்சியில பால்ராஜ் அண்ணாச்சி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவரு. பக்கத்து வீட்டுல மரியசெல்வம். ஐம்பது வயசு, கல்யாணம் பண்ணிக்கல. படுக்கையில கிடக்கிற அம்மாவப் பாத்துக்கிட்டு, வீட்டுலயே தையல் மிசின் போட்டிருந்தா. பெட்டிச் சத்தம் தொந்தரவா இருக்கான்னு அக்கம்பக்கத்துலயும் கேக்கணும்ங்கிறது எங்க விதி. திட்டு வாங்கத் தயாராத்தான் போனேன்.

செல்வம் என்னக் கட்டில் பக்கத்துல கூட்டிட்டுப் போனா. அம்மா கண்ண மூடிக் கிடந்தாங்க. யாரையும் அடையாளம் தெரியாது, சோத்துக்கு வாயத் தொறக்க வைக்கிறதுதான் பெரும்பாடுன்னு சொன்னா. நான் சும்மா, வழக்கமாப் பேசுறாப்புல, "சாப்பாட்டு நேரமாச்சி, சாப்பிடுங்கம்மா"ன்னேன். அந்தம்மா கண்ணத் தொறக்காமலே வாயத் தொறந்தாங்க, சின்னப்பிள்ள மாதிரி. தாள்ல என்ன எழுதன்னே தெரியல. செல்வம் கஞ்சியக் கரண்டியில எடுத்துக்கிட்டே சொன்னா:

"தெனமும் ஒரு மணிக்குச் செவத்துக்கு அங்கிட்டிருந்து நீங்க சொன்னாத்தான் எங்கம்மா தொறக்கா. எங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதியன்னு நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்க்கா."

பந்தலுக்குள்ள என் குரல்

கார்த்திகை மாசம் ஒரு வியாழக்கிழமை. மணியாச்சியில பஸ்ஸ விட்டு இறங்கும்போதே சர்ச்சு மணி விட்டு விட்டு அடிக்குது. துக்க மணி. செல்வத்தோட அம்மா காலைல தவறிட்டாங்க. பால்ராஜ் அண்ணாச்சிதான் அடிச்சுக்கிட்டிருந்தார். பம்பாயில இருக்கிற மகன் வந்து சேரணும், நாலு மணிக்குத்தான் அடக்கம்னாங்க.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெருவுல சாவு கிடந்தா எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டுலயும் அடுப்பு பத்தாது. யாரும் சாப்பிட மாட்டாங்க. வேதக்காரங்க வீடு, இந்துக்க வீடுன்னு அதுல வித்தியாசம் கிடையாது. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் அடுத்த தெருவுல வச்சு ஏதாவது குடுப்பாங்க. எனக்கு இது பிறந்ததுலருந்து தெரியும். தெரிஞ்சிருந்தும் ஸ்கிரிப்டுக்குச் சொல்லணும்னு தோணல. ஆறு மாசமா ஊர்க் குறையெல்லாம் எழுதினவளுக்கு இது தோணலையே!

பொம்பளைகளோட நானும் பந்தல்ல உக்காந்திருந்தேன். பன்னெண்டரைக்குச் செவத்துக்கு அந்தப் பக்கம் என் குரல்: "அண்ணாச்சி, ஊசி நேரமாச்சி." அழுகைச் சத்தத்துல யாரும் கவனிக்கல. அண்ணாச்சி எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்கிட்டு வந்து திரும்ப உக்காந்தார். பழக்கம். சொன்னா செய்வார், பாவம். ஒரு மணிக்கு அழுகை கொஞ்சம் ஓஞ்சிருந்த நேரம். பொணத்தச் சுத்தி எல்லாரும் பேசாம இருக்காங்க. கணீர்னு என் குரல்: "அண்ணாச்சி, சாப்பாட்டு நேரமாச்சி. சாப்பிடுங்க!"

தெருவே என்னத் திரும்பிப் பாத்துச்சு. பூமி பிளந்து உள்ள போயிர மாட்டோமான்னு இருந்துச்சு. அண்ணாச்சி ஓடிப்போய் பிளக்கப் புடுங்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தார். சத்தம் நின்னுச்சேன்னு நான் நிம்மதியா மூச்சு விட்டேன். சத்தியமாச் சொல்றேன், அந்த நேரம் எனக்கு என் மானம்தான் பெருசாத் தெரிஞ்சுது. அவர் ஊசி போட்டது மறந்தே போச்சு.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா தலைமாட்டுல ஒப்பாரி வச்சுக்கிட்டிருந்த செல்வம் திடீர்னு நிறுத்திட்டு என்னப் பாத்தா. "எக்கா, பெட்டி ஒரு வாட்டிதான் சொல்லிச்சி. அப்புறம் சொல்லலியே. பால்ராஜ் அண்ணன் சாப்பிட்டாவளா?" நான் திரும்பிப் பாக்கிறேன், அண்ணாச்சி சட்டை வேர்வையில ஒட்டிக் கிடக்கு, கை நடுங்குது, கண்ணு எங்கயோ போகுது. அப்படியே நாற்காலியிலருந்து சரிஞ்சு தரையில உக்காந்துட்டார். மூணாவது தடவை.

செல்வம்தான் எந்திரிச்சா. சேலை முந்திய இழுத்துச் சொருகிக்கிட்டு உள்ள போய், கருப்பட்டிய நுணுக்கித் தண்ணியில கலக்கிக் கொண்டாந்து அவர் வாயில வச்சா. நெனவு இருந்ததால குடிச்சுட்டார். பெறகு முந்தின நாள் ராத்திரித் தண்ணி ஊத்தி வச்ச சோத்த ஒரு கும்பாவுல போட்டுக் கொண்டாந்தா. அவ்வளவு சனமும் பாத்துக்கிட்டிருக்கு. அண்ணாச்சி கையால தள்ளினார். "வேண்டாம்மா, ஒங்க அம்மை இங்கன கிடக்கையில நான் எப்படித் திங்க?"ன்னு அழுதார். செல்வம் கும்பாவ அவர் மடியில வச்சா:

"எங்கம்மா நாலு மணி வரைக்கும் காத்திருப்பா. ஒங்க சுகர் காத்திருக்காதுண்ணே. சாப்பிடுங்க."

கை வராத தாள்

அடக்கம் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புக்கு அண்ணாச்சி வந்தார். தாள எழுதினா ஜெசிக்குப் போகும்னு அவருக்குத் தெரியும். "நான் விழல தாயி, உக்காந்தேன். உக்காந்தேன்னு எழுது"ன்னார். எனக்கு அவர் மூஞ்சியப் பாக்க முடியல. ஷீலாகிட்ட வந்து அழுதேன். அவளும் அழுதா. அழுதுக்கிட்டே ஸ்கிரிப்டத் திருத்தினா. இனிமே ஊசிக்கு முன்னாடி பெட்டி, "அண்ணாச்சி, சோறு தயாரா இருக்கா?"ன்னு கேக்கும். ஆமான்னு பச்சை பட்டன அமுக்கினாத்தான் ஊசியச் சொல்லும். அதுக்கும் நான்தான் பேசிக் குடுத்தேன்.

ஆனா தாள் இருக்கே? ஊர்க் குறையெல்லாம் மடமடன்னு எழுதின கை, அன்னிக்கு வரல. மறைச்சா அண்ணாச்சி மணி அடிச்சுக்கிட்டு இருப்பார். அடுத்த தடவ செல்வம் மாதிரி ஒரு ஆள் பக்கத்துல இல்லன்னா? எழுதிட்டேன். விழுந்தார்னே எழுதினேன். எழுதிட்டேன்னு அவருக்குப் போன் பண்ணியும் சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். அவர் சொன்னது இதுதான்:

"சரி தாயி. ஒன் வேலைய நீ பாத்துட்ட. எனக்குப் பதிலா மணி அடிக்க ஒரு ஆளத் தேடச் சொல்லி சர்ச்சு ஐயர்ட்ட சொல்லிருதேன்."

ஜெசி வந்தா

ஞாயித்துக்கிழமை ஜெசி ரயில்ல வந்து இறங்கினா. அப்பா துணிமணி வைக்க ஒரு காலி சூட்கேஸ் கையில. என்னையும் வரச் சொல்லியிருந்தா. நான் போகும்போது அண்ணாச்சி சட்டைகள மடிச்சு அடுக்கிக்கிட்டிருந்தார். ஜெசியக் காணோம். துக்கம் கேக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனவ ஒரு மணி நேரமா வரலன்னார். நானும் ரெண்டு வேட்டிய மடிச்சுக் குடுத்தேன்.

ஜெசி அழுது வீங்கின கண்ணோட வந்தா, பின்னாலயே செல்வமும். வந்ததும் என்கிட்ட, "எக்கா, அந்தப் பெட்டிய இந்த வீட்டுலருந்து எடுத்துருங்க"ன்னா. முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். அண்ணாச்சி மடிச்ச சட்டையையே திரும்ப மடிச்சார். ஜெசி தொடர்ந்தா: "எடுத்து, செல்வம் அக்கா வீட்டுல வைங்க. அப்பா நாலு பேருக்காக வெக்கப்பட்டு பிளக்கப் புடுங்கிருவாவ. அக்கா புடுங்க மாட்டாவ. நான் ஆபீஸ் போனதுக்கப்புறம் மெட்ராஸ்ல அப்பா விழுந்தா, கேக்க யாருக்கா இருக்கா?" அண்ணாச்சி அப்படியே கட்டில்ல உக்காந்துட்டார். இந்தத் தடவ நெசமாவே உக்காந்தார்.

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், ஒரு சந்தேகம் ஒரு பக்கம். அம்மா போய் நாலு நாள்கூட ஆகல, அந்த வீட்டுக்குள்ள தெனம் ஒரு மணிக்கு, "சாப்பிடுங்க"ன்னு இந்தக் குரல் கேட்டா செல்வம் தாங்குவாளா? பெட்டியக் கழட்டி எடுத்துக்கிட்டே தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவ பெட்டிய என் கையிலருந்து வாங்கி, வயரச் சுத்திக்கிட்டே சொன்னா:

"அம்மா போனதுலருந்து நானும் ஒரு மணிக்குச் சாப்பிடலக்கா. இனி அண்ணனுக்குச் சொல்லுதாப்புல எனக்கும் ஒருத்தர் சொல்லட்டும்."

அந்த வாரத் தாள்ல நான் ஒரே வரிதான் எழுதினேன்: பெட்டியில குறை ஒண்ணும் இல்ல, இத்தன நாளும் நாங்க வச்சிருந்த வீடுதான் தப்பு.